கதவைத் தட்டினால் விளக்கு எரியும்!

காது கேளாத பாட்டிக்குப் பேரன் செய்து கொடுத்த கருவி

உங்கள் வீட்டு அடுப்படியில் கேஸ் லைட்டர் இருக்கும். அதை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். முனையில் ஒரு பொறி பறக்கும். அடுப்பு பற்றிக்கொள்ளும்.

அந்த லைட்டருக்குள் பாட்டரி கிடையாது. அதற்கு மின்சாரக் கம்பியும் கிடையாது. அப்படியானால் பொறி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரு பையன், தன் பாட்டியைச் சொந்த வீட்டிலேயே இருக்க வைத்தான். அது எப்படி? கேளுங்கள்.

திறக்காத கதவு

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 76. மகள் வீட்டில் இருக்கிறார். மகள் காலையில் வேலைக்குப் போனால், மாலையில்தான் திரும்புவார். பேரன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பகல் முழுவதும் வீட்டில் பாட்டி மட்டும்தான்.

பாட்டிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. சமைப்பார். துவைப்பார். பூ கட்டுவார். ஆனால் காது கேட்காது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "ஒரே இரைச்சலாக இருக்கிறது" என்று கழற்றி வைத்துவிட்டார். செல்போன் வாங்கிக் கொடுத்தார்கள். அது பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்!

ஐப்பசி மாதம் ஒரு நாள். நல்ல மழை. மகள் வேலை முடிந்து வந்தார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார். திறக்கவில்லை. மீண்டும் தட்டினார். அரை மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை.

மகளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "அம்மா! அம்மா!" என்று அலறினார். தெருவே கூடிவிட்டது. ஒருவர் கடப்பாறை எடுத்து வந்தார். இன்னொருவர் பக்கத்து வீட்டு மாடி வழியாக ஏறி, கொல்லைப் பக்கம் குதித்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி என்ன?

பாட்டி நிம்மதியாக உட்கார்ந்து, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்!

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். ஆனால் மகள் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"நான் ஊருக்குப் போகிறேன்"

மறுநாள் முதல் பாட்டி கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்தார். அது வேறு வம்பாக முடிந்தது. முன் பின் தெரியாத ஆள் ஒருவன் நேராகக் கூடத்துக்குள் வந்து நின்றான். பாட்டி திடுக்கிட்டுப் போனார். அவன் விலாசம் விசாரிக்க வந்தவன்தான். ஆனாலும் பாட்டியின் பயம் போகவில்லை.

கதவைப் பூட்டினாலும் தொல்லை. திறந்தாலும் தொல்லை. "என்னால்தானே உங்களுக்கு இந்தக் கஷ்டம்? என்னை ஊரில் உன் அண்ணன் வீட்டில் விட்டுவிடு" என்றார் பாட்டி.

அதைக் கேட்ட பேரன் இரவு முழுவதும் தூங்கவில்லை.

"அழைப்பு மணிக்குப் பதில் விளக்கு வைத்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அது வாடகை வீடு. சுவரைத் துளைத்து ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதோடு, கீரைக்காரம்மா, பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரும் மணியைத் தேடுவதில்லை. கதவைத்தான் தட்டுகிறார்கள்.

"அப்படியானால் கதவுக்கே காது வைத்துவிட்டால்?" என்று நினைத்தான் பையன்.

சத்தம் வேறல்ல, அதிர்வு வேறல்ல

கதவைத் தட்டும்போது பலகை நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்குத்தான் அதிர்வு என்று பெயர். பலகையின் அதிர்வு காற்றை அசைக்கிறது. காற்று நம் காதை அசைக்கிறது. அதையே நாம் சத்தம் என்கிறோம்.

காது கேட்காவிட்டால் என்ன? பலகை நடுங்குவதை ஒரு கருவி கண்டுபிடித்து விளக்கைப் போட்டால், பாட்டி கண்ணால் பார்த்துக்கொள்வாரே!

அதிர்வைக் கண்டுபிடிக்கும் கருவி புதிதல்ல. சீனாவில் கி.பி. 132-ல் சாங் ஹெங் என்ற அறிஞர் ஒன்றைச் செய்தார். அது ஒரு பெரிய வெண்கலச் சாடி. அதைச் சுற்றிலும் 8 டிராகன் தலைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு. கீழே வாயைப் பிளந்தபடி 8 தேரைகள். எங்கோ நிலம் நடுங்கினால், ஒரு டிராகன் வாயிலிருந்து குண்டு தேரையின் வாயில் 'டங்' என்று விழும்.

ஒரு நாள் குண்டு விழுந்தது. ஆனால் தலைநகரில் யாருக்கும் நடுக்கம் தெரியவில்லை. ஜனங்கள் கேலி செய்தார்கள். சில நாள் கழித்து, தூரத்து ஊரிலிருந்து பூகம்பச் செய்தியோடு தூதன் வந்து சேர்ந்தான். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்று பழைய சீன வரலாறு சொல்கிறது.

அரசரின் சபைக்கு வேண்டியிருந்த அந்த வேலையை, இன்று விரல் நுனியில் அடங்கும் கருவி செய்கிறது. அதற்குச் சில ரூபாய் இருந்தால் போதும்!

முதல் முயற்சி

பையனிடம் ஆர்டுயினோ அட்டை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக வாங்கியது. ஆர்டுயினோ என்பது சின்னஞ்சிறு கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கும். 2005-ல் இத்தாலி நாட்டில் இவ்ரியா என்ற ஊரில் பிறந்தது. மாணவர்கள் குறைந்த செலவில் கருவிகள் செய்து பழக வேண்டும் என்று ஆசிரியர்கள் உருவாக்கியது. அதன் அமைப்பை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகவேதான் உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கிறது.

அதோடு இணைக்க, எஸ்.டபிள்யூ-420 என்ற அதிர்வு சென்சார் ஒன்றைப் பையன் வாங்கினான். சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்ட பொருள்கள் குவிந்து கிடக்கும். வெளியூர்க்காரர்கள் தபாலில் தருவித்துக்கொள்ளலாம்.

இந்த சென்சார் ஒரு சுவிட்சு. அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது உள்ளே மின்தொடர்பு சேர்ந்திருக்கும். குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும். இதற்கு ஒரு பங்காளி உண்டு. அதில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங். குலுங்கினால் ஸ்பிரிங் ஆடிக் கம்பியைத் தொடும். ஒன்று தொட்டுச் சொல்லும். மற்றது விட்டுச் சொல்லும்.

பையன் சென்சாரைக் கதவில் ஒட்டினான். தட்டினான். விளக்கு எரிந்தது! வீட்டில் ஒரே சந்தோஷம்.

ஆனால் மறுநாள் நடந்தது என்ன?

இருபது முறை நடந்த பாட்டி

வீட்டுக்கு முன்னால் பஸ் போகும் சாலை. பஸ் போனால் விளக்கு எரிந்தது. லாரி போனால் எரிந்தது. காற்றில் கதவு ஆடினாலும் எரிந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. சாயங்காலத்துக்குள் இருபது முறை நடந்துவிட்டார். முழங்கால் வீங்கிவிட்டது.

"கண்ணு, உன் விளக்கு என்னை ஏமாற்றுகிறது" என்றார்.

சென்சாரில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் கூர்மை கூடும், குறையும். பையன் குறைத்தான். இப்போது பஸ் போனால் எரியவில்லை. ஆனால் கீரைக்காரம்மா தட்டினாலும் எரியவில்லை!

குற்றம் எங்கே? கருவியில் இல்லை. வேலைக்குத் தக்க கருவியை எடுக்காததுதான் குற்றம். அந்த சுவிட்சுக்கு இரண்டே வார்த்தைகள் தெரியும். 'குலுங்கியது', 'குலுங்கவில்லை'. எவ்வளவு குலுங்கியது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பஸ்ஸின் அதிர்வையும் விரலின் தட்டலையும் அது எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

அழுத்தினால் மின்சாரம்

இங்கேதான் கேஸ் லைட்டர் வருகிறது.

பிரான்சு நாட்டில் பியர் கியூரி, ஜாக் கியூரி என்று இரண்டு சகோதரர்கள். 1880-ல் அவர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால், அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது! அப்போது பியருக்கு வயது 21-தான். பின்னாளில் மேரி கியூரியை மணந்து, 1903-ல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

அழுத்தத்தால் மின்சாரம் தரும் இந்தக் குணத்துக்கு 'பீசோ' என்று பெயர் வந்தது. கிரேக்க மொழியில் அதற்கு அழுத்துதல் என்று பொருள். கேஸ் லைட்டருக்குள் ஒரு சிறு சுத்தி இருக்கிறது. அது பீசோ துண்டை ஓங்கி அடிக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. பொறி பறக்கிறது. நம் கேள்விக்கு விடை இதுதான்.

பீசோ தகடு கடையில் தனியாகவே கிடைக்கும். வட்டமான பித்தளைத் தகடு. நடுவில் வெள்ளைப் பூச்சு. 27 மில்லிமீட்டர் அகலம் உள்ளது எங்கும் கிடைக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைக் கிழித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். விலை, ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள்தான்.

தகடு லேசாக வளைந்தால் கொஞ்சம் மின்சாரம் வரும். பலமாக வளைந்தால் நிறைய மின்சாரம் வரும். அதாவது, இது 'எவ்வளவு' என்று சொல்லும்! ஆர்டுயினோ அதை 0 முதல் 1,023 வரை ஓர் எண்ணாகக் காட்டும்.

தெருவே வந்து தட்டியது

ஞாயிற்றுக்கிழமை. பையன் பீசோ தகட்டைக் கதவின் உள்பக்கம் ஒட்டினான். முதலில் கீல் ஓரத்தில் ஒட்டினான். எண் சரியாக ஏறவில்லை. அங்கே பலகை சட்டத்தோடு இறுகி இருக்கிறது, அதிகம் வளையாது. பிறகு நடுப்பலகையில் ஒட்டினான். எண் துள்ளியது.

அப்புறம் தெருவில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். "கதவைத் தட்டுங்கள்" என்றான். நோட்டில் எண்ணை எழுதினான்.

பஸ் போனபோது 30-க்கு மேல் ஏறவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி மெதுவாகத் தட்டியபோது 110 வந்தது. கீரைக்காரம்மாவுக்கு 250. பால்காரருக்கு 400-க்கு மேல்! காற்றில் கதவு 'படார்' என்று சாத்தியபோது 900-ஐத் தாண்டியது.

பஸ்ஸுக்கும் சிறுமிக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். 70 என்று போட்டான். 70-க்குக் கீழே வந்தால் பேசாமல் இருக்க வேண்டும். மேலே வந்தால் தட்டல். இந்த எண்கள் அந்தக் கதவுக்கு மட்டும்தான். உங்கள் கதவுக்கு வேறு எண் வரும். நீங்கள்தான் தட்டிப் பார்த்து எழுத வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. காற்றில் சாத்தும் கதவும் கோட்டைத் தாண்டுகிறதே?

பாட்டியே வழி சொன்னார். "காற்று ஒரு தரம்தான் அடிக்கும். மனுஷன்தானே இரண்டு, மூன்று தரம் தட்டுவான்!"

எத்தனை உண்மை! பையன் புரோகிராமை மாற்றினான். ஒரு தட்டல் விழுந்ததும் 150 மில்லி விநாடி வரை எதையும் கணக்கில் எடுக்காதே. அது அதே அடியின் எதிர்நடுக்கம். அதன் பிறகு, 2 விநாடிக்குள் இன்னொரு தட்டல் விழுந்தால் மட்டும் விளக்கைப் போடு. 30 விநாடி எரியவிடு.

காற்று தோற்றது. பஸ் தோற்றது. சிறுமி ஜெயித்தாள்!

நீங்களும் செய்யலாம்

வேண்டிய பொருள்கள்: ஆர்டுயினோ ஊனோ அட்டை 1, பீசோ தகடு 1, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் 1, 5.1 வோல்ட் ஜீனர் டயோடு 1, பளிச்சென்ற எல்.இ.டி. விளக்குகள் 2, பச்சை எல்.இ.டி. 1, 220 ஓம் ரெசிஸ்டர் 3, மெல்லிய ஒயர், பழைய செல்போன் சார்ஜர்.

1. பீசோவின் வெள்ளைப் பூச்சிலிருந்து வரும் சிவப்பு ஒயரை ஏ-0 என்ற துளையில் சொருகுங்கள். பித்தளையிலிருந்து வரும் கறுப்பு ஒயரை ஜி.என்.டி. துளையில் சொருகுங்கள்.

2. அந்த இரண்டுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். தட்டலில் தேங்கும் மின்சாரம் இதன் வழியே வடிந்துபோகும். இல்லாவிட்டால் எண் கீழே இறங்காமல் அலையும்.

3. ஜீனர் டயோடையும் அதே குறுக்கே போடுங்கள். கோடு போட்ட முனை ஏ-0 பக்கம் இருக்க வேண்டும். யாராவது ஓங்கிக் குத்தினால் பீசோவில் வோல்ட் கூடிவிடும். அப்போது அட்டையைக் காப்பது இதுதான்.

4. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனி துளை, தனித்தனி 220 ஓம் ரெசிஸ்டர். விளக்கின் நீளக் கால் ரெசிஸ்டர் பக்கம். குட்டைக் கால் ஜி.என்.டி. பக்கம்.

5. பீசோவை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால், மேடு பள்ளம் இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். ஒயர் பற்றவைத்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை விடுங்கள். அந்த இடம்தான் முதலில் அறுந்துபோகும்.

6. கீல் பக்கம் ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். கதவைத் திறக்கும்போது இழுபடக்கூடாது.

பச்சை விளக்கு எதற்கு? அது எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது எரிந்தால் கருவிக்கு மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். அணைந்தால், மின்சாரம் இல்லை, தட்டினாலும் தெரியாது என்று பாட்டி புரிந்துகொள்வார். கரண்ட் போகும் ஊரானால், சார்ஜருக்குப் பதில் பவர் பாங்க் வைக்கலாம்.

எச்சரிக்கை!

பிள்ளைகளே, இந்தக் கருவி 5 வோல்ட்டில் வேலை செய்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "வீட்டு பல்பையே எரிய வைக்கிறேன்" என்று 230 வோல்ட் மின்சாரத்தில் கை வைக்காதீர்கள். அது உயிரைக் குடிக்கும். பெரிய விளக்கு வேண்டுமானால், வேலை தெரிந்த எலக்ட்ரீசியன் செய்யட்டும்.

பீசோவின் வெள்ளைப் பூச்சில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். அதைச் சுரண்டாதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

இன்னொன்று. இதை வைத்துக்கொண்டு பூகம்பத்தை முன்கூட்டி அறியலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது தட்டலைச் சொல்லும். திருடனைப் பிடித்துத் தராது. ஒரு கருவியால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்து வைப்பதுதான் பாதிக் கெட்டிக்காரத்தனம்.

வீணாகாத சுவிட்சு

அந்த முதல் சென்சார் என்ன ஆயிற்று? பையன் அதை எறியவில்லை. துணி துவைக்கும் மெஷின் மேல் ஒட்டிவிட்டான்.

மெஷின் ஓடினால் குலுங்கும். நின்றால் குலுங்காது. இங்கே 'எவ்வளவு' என்று கேட்க வேண்டியதில்லை. 'உண்டா, இல்லையா' என்றால் போதும். அதற்கு இந்தச் சுவிட்சு தாராளம். மெஷின் நடுவில் துணியை ஊற வைத்துச் சற்று நிற்கும். ஆகவே, ஊறும் நேரத்தைவிட அதிக நேரம் குலுக்கம் இல்லாவிட்டால் மட்டும் விளக்கு எரியும்படி வைத்தான்.

உங்கள் செல்போனிலும் ஓர் அதிர்வு சென்சார் இருக்கிறது. போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அது அதன் வேலைதான். பல போன்கள் ஒரே நேரத்தில் நடுங்கினால், அது பூகம்பம் என்று கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாட்டை 2020-ல் கூகுள் நிறுவனம் தொடங்கியது. ஒரு போனால் முடியாததை ஊர் போன்கள் சேர்ந்து செய்கின்றன.

கதவு திறந்தது

கருவி வைத்து முடித்த அன்று மாலை. பையன் வெளியே போய் நின்றான். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. 'டக் டக்' என்று இரண்டு முறை தட்டினான்.

அடுப்படியில் விளக்கு எரிந்தது. பாட்டி நிமிர்ந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். நடந்து வந்தார். கதவைத் திறந்தார்.

பேரனைக் கண்டதும் சட்டென்று கதவைச் சாத்திவிட்டார்!

பையன் பதறிப்போனான். "பாட்டி, என்ன ஆச்சு?" என்று கத்தினான். காது கேளாத பாட்டிக்கு அது எப்படிக் கேட்கும்?

மறுபடி இரண்டு முறை தட்டினான். மறுபடி கதவு திறந்தது. பாட்டி வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். "ஒன்றுமில்லைடா கண்ணு. இன்னொரு தரம் எரிகிறதா என்று பார்த்தேன்" என்றார்.

பாட்டி ஊருக்குப் போகவில்லை. கீரைக்காரம்மா இப்போது மறக்காமல் இரண்டு தரம் தட்டுகிறார். மகள் வேலையிலிருந்து வரும்போது, தெருமுனையிலிருந்து ஓடி வருவதில்லை. மெதுவாகவே நடந்து வருகிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பாட்டியோ, தாத்தாவோ இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ, பெண்ணோ இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள்.